நாய்க்குட்டிக்குத் தீனி அடைத்த பொம்மையைப் பழக்கும் முறை

தோட்டத்திற்கும் களத்திற்கும் காவலாக நாய் வளர்ப்பது நம் குடியானவர்களுக்குப் புதியதன்று. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் பக்கத்து நாய்கள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. இவற்றுள் இராஜபாளையம் நாய், 2005-ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட தபால் தலையிலும் இடம் பெற்றது. ஆயினும் நல்ல ஜாதிக் குட்டியை விலை கொடுத்து வாங்குவதில் காட்டும் சிரத்தையை, அதனை முதல் சில மாதங்களில் பழக்குவதில் நம்மவர் காட்டுவதில்லை. அப்பழக்கத்தில் ஒரு சிறு பகுதியாகிய தீனிப் பொம்மையைப் பற்றி இக்கட்டுரையில் கூறுவோம். பொருள் சிறியதேயாயினும், அதனால் விளையும் நன்மை சிறியதன்று என்பது போகப் போக விளங்கும்.

வழக்கமாக நடப்பது

எட்டு வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, மோட்டார் அறையின் தூணில் முழ நீளச் சங்கிலியால் கட்டிவிடுவது பல தோட்டங்களில் வழக்கமாயிருக்கிறது. அவ்வாறு கட்டப்பட்ட குட்டிக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. காலையிலும் மாலையிலும் தட்டில் சோறு விழுகிறது; அது இரண்டு நிமிஷத்தில் தீர்ந்து போகிறது. மிகுந்த பொழுதெல்லாம் குட்டி கத்துகிறது, எட்டியதையெல்லாம் கடிக்கிறது. அவிழ்த்துவிட்டாலோ, சொட்டு நீர்க் குழாயைக் குதறுகிறது; செருப்பைக் கிழிக்கிறது; மோட்டார் வயரைக் கடிக்கப் போகிறது. மின்சாரம் ஓடும் வயரில் பல் பதிந்தால் குட்டியின் உயிருக்கே ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எலி மருந்து வைத்த உருண்டையும், மருந்து கலந்த விதை மூட்டையும் அதன் வாய்க்கு எட்டினால் முடிவு அதுவே.

இக்குறும்புகளுக்காகக் குட்டி அடி வாங்குகிறது, மீண்டும் கட்டப்படுகிறது. ஒரு வருஷத்திற்குள் அது யாரைக் கண்டாலும் பாயும் நாயாகிறது. அது முதலில் கடிப்பது பெரும்பாலும் திருடனையன்று. தட்டின் அருகே ஓடிவந்த வீட்டுக் குழந்தையையோ, நெல் அவிக்க வந்த வேலையாளையோ கடித்துவிடுகிறது. ஆகவே குட்டியின் வாய்க்குத் தக்க வேலை கொடுப்பது விளையாட்டுக் காரியமன்று. குடும்ப க்ஷேமத்தைச் சார்ந்த காரியமாகும்.

குட்டி கடிப்பதன் காரணம்

நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் பால் பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அவை மொத்தம் 28. ஏறக்குறைய நான்காவது மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு அல்லது ஏழு மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் அமைகின்றன. இக்காலத்தில் ஈறு ஊறுவதால் எதையேனும் மெல்ல வேண்டுமென்ற வேட்கை குட்டிக்கு மிகுதியாக உண்டாகிறது. அன்றியும், கையில்லாத குட்டி உலகத்தை வாயாலேயே சோதித்து அறிகிறது. எனவே கடிப்பது அதன் சுபாவம். சுபாவத்தை அடித்து ஒழிக்க முடியாது. வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்புவதுபோல், கடிக்கத் தகாத பொருளிலிருந்து கடிக்கத் தக்க பொருளுக்கு அதனைத் திருப்பலாம்.

"குழந்தைகளுக்கே பொம்மை வாங்கப் பணமில்லை, நாய்க்கு ஒரு பொம்மையா?" என்று சிலர் நகைக்கக்கூடும். ஒரு சுருள் சொட்டு நீர்க் குழாயின் விலையையும், ஒரு ரப்பர் பொம்மையின் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் நகைக்க மாட்டார். நாய்க்கடிக்காக வைத்தியசாலைக்குப் போய்வரும் நாட்களின் கூலியையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரையை உழைத்துப் பெறுவதில் பிராணிகளுக்கு ஓர் இயற்கையான விருப்பம் இருப்பதும் கவனிக்கத் தக்கது. 1963-ஆம் வருஷத்தில் ஜென்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எலிகளின் கூண்டில் ஒரு கிண்ணத்தில் தாராளமாக இரையை வைத்து, மற்றொரு பக்கத்தில் அழுத்தினால் இரை விழும் ஒரு கோலையும் அமைத்தார். கிண்ணத்து இரை சும்மா கிடைத்தபோதிலும், எலிகள் பல, கோலை அழுத்தியும் இரை பெற்றன. கோழி, புறா முதலியவற்றிலும் இக்குணம் பிற்காலத்தில் காணப்பட்டது. தானியத்தை முன்னே கொட்டியிருந்தும் குப்பையைக் கிளறச் செல்லும் கோழியைத் தினமும் காணும் நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை. நாயும் தேடித் தின்னும் இனத்தைச் சேர்ந்தது. தட்டில் இரண்டு நிமிஷத்தில் தீரும் சோற்றைப் பொம்மையினுள் அடைத்துக் கொடுத்தால், குட்டி நக்கியும் உருட்டியும் மென்றும் அரைமணி நேரம் அமைதியாக வேலை செய்யும். பின்பு களைத்து உறங்கும்.

பொம்மை வந்த வகை

இன்று கடைகளில் கிடைக்கும் தீனிப் பொம்மைகளுள் மிகவும் பெயர் பெற்றது, மூன்று உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோன்ற வடிவமுள்ள 'காங்' என்னும் ரப்பர் பொம்மையாகும். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தைச் சேர்ந்த ஜோ மார்க்கம் என்பவரின் நாய், கற்களைக் கடித்துத் தன் பற்களைக் கெடுத்துக் கொண்டிருந்தது. அவர் தம் வண்டியைப் பழுது பார்க்கையில் கழற்றிப் போட்ட ரப்பர் உறுப்பு ஒன்றை அந்நாய் மற்றெல்லாவற்றையும் விட்டு விரும்பிக் கடிப்பதைக் கண்டார். அவ்வுருவத்தைத் தழுவிப் பொம்மை செய்து, 1976-ஆம் வருஷத்தில் வியாபாரமும் தொடங்கினார். அதைப் பின்பற்றிப் பலர் இப்போது பலவிதப் பொம்மைகள் செய்கின்றனர். யார் செய்ததாயினும், பின்வரும் குணங்கள் அமைந்ததையே வாங்குதல் வேண்டும்.

1. அளவு: குட்டியின் கடைவாய்ப் பற்களுக்கு அப்பால் நுழைய முடியாத அளவு பெரியதாக இருக்க வேண்டும். தொண்டையில் சிக்கும் சிறு பந்து உயிரைப் போக்கும். குட்டி வளர வளரப் பெரிய பொம்மைக்கு மாற வேண்டும்.

2. மென்மை: கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் சிறிதாவது அமுங்க வேண்டும். நகம் பதியாத பொருள் பல்லை உடைக்கும். பால் பல் உள்ள குட்டிக்கென்று மிருதுவான ரப்பரில் செய்த பொம்மைகள் தனியே கிடைக்கின்றன.

3. இரண்டு துவாரம்: ஒரு பக்கம் மாத்திரம் துவாரமுள்ள பொம்மையில் குட்டி நாக்கை விட்டு நக்கும்போது, உள்ளே காற்று வற்றி நாக்குப் பிடித்துக்கொள்வதுண்டு. மறுபக்கத்தில் காற்றுப் புகச் சிறு துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

4. சுத்தம்: ஒட்டு வேலையும் தனி உறுப்பும் இல்லாமல் ஒரே வார்ப்பாயும், உள்ளே பிரஷ் விட்டுக் கழுவத் தக்கதாயும் இருத்தல் நலம்.

பொம்மைக்குப் பதிலாகக் கொடுக்கத் தகாதவை

பழைய டயர்த் துண்டைக் கொடுத்தால் போதாதா எனக் கேட்பதுண்டு. டயருக்குள் கம்பியும் நூலும் உண்டு. அவை வாயைக் கிழிக்கும், குடலில் சிக்கும். தேங்காய் மட்டையும் தேங்காய் நார்க் கயிறும் ஆகா. விழுங்கிய நார் திரண்டு குடலை அடைக்கும். கொட்டாங்கச்சி உடைந்தால் கூர்மையான சில்லாகும். மூங்கில் சிம்பு பிளக்கும். பிளாஸ்டிக் புட்டியின் ஓரம் கத்தி போன்றது. வேக வைத்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைத் துளைக்கும். பழைய செருப்பைக் கொடுப்பது எல்லாவற்றிலும் பேதைமை. பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் பேதம் குட்டிக்குத் தெரியாது.

ரப்பர் பொம்மை கிடைக்காத இடத்தில் வீட்டுச் சாமான் ஒன்று நன்கு உதவும். அது பழைய குழிப்பணியாரக் கல்லாகும். அதன் ஒவ்வொரு குழியிலும் சிறிது சோறு அப்பி வைத்தால் குட்டி குழி குழியாக நக்கித் தின்னும். இரும்புக் கல் கனமாதலால் நழுவாது, கடிக்கவும் இயலாது. மற்றொன்று, பருத்தித் துண்டை விரித்துச் சில தீனித் துண்டுகளைத் தூவிச் சுருட்டி வைப்பது. குட்டி மூக்கால் தள்ளிச் சுருளை விரித்துத் தின்னும். இதற்கு ஆள் அருகிலிருக்க வேண்டும்; தீர்ந்தவுடன் துண்டை எடுத்துவிட வேண்டும்.

உள்ளே அடைக்கும் ஆகாரம்

தீனிப் பொம்மையில் வைப்பது மிகைத் தீனியாகாமல், குட்டியின் அன்றாட ஆகாரத்தில் ஒரு பங்காகவே இருக்க வேண்டும். மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பிறகு இரண்டு வேளையும் ஆகாரம் கொடுப்பது முறை. இவற்றுள் ஒரு வேளை ஆகாரத்தைப் பொம்மைக்கென ஒதுக்கி, மற்ற வேளைகளில் தட்டில் இடலாம்.

குழைந்த சோறு, வேக வைத்த முட்டை, எலும்பு நீக்கிய வெந்த கோழிக்கறி, முள் நீக்கிய வெந்த மீன், புளிக்காத தயிர், வேக வைத்த பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேழ்வரகுக் களி ஆகியவை அடைப்பதற்கு ஏற்றவை. கடையில் விற்கும் குட்டித் தீனி வாங்குவோர் அதனை வெந்நீரில் ஊற வைத்து அடைக்கலாம். வளரும் குட்டிக்கு வெறுஞ் சோறு போதாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சில குட்டிகளுக்குப் பசும்பால் கழிச்சலை உண்டாக்கும். தயிர் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. எந்தப் புது ஆகாரத்தையும் சிறிதளவே கொடுத்து மறுநாள் மலத்தைப் பார்த்து அதன்பின் கூட்ட வேண்டும்.

விலக்க வேண்டியவை பின்வருமாறு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கும். பச்சையாயினும் வெந்ததாயினும் ஒன்றே. சாக்கலேட்டும் காப்பித் தூளும் இருதயத்தைத் தாக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாமென்று இப்போது கருதப்படுகிறது. அவ்வமிலம் நம் புளியில் மிகுதியாக உண்டு. புளியைத் தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் கெட்டதாக 2022-ஆம் வருஷத்தில் கால்நடை வைத்தியர்கள் வெளியிட்டுள்ளனர். ஆகவே மிஞ்சிய புளிச் சோற்றையும் குழம்புச் சோற்றையும் பொம்மையில் அடைப்பது கூடாது. கடையில் வாங்கும் நிலக்கடலை விழுதில் சைலிடால் என்னும் இனிப்பு சேர்ந்திருந்தால் அது நாய்க்குக் கொடிய விஷம். புட்டியின் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் உப்பும் சர்க்கரையும் இல்லாமல் அரைத்த வறுத்த நிலக்கடலை விழுதைச் சிறிது பூசுவதில் தோஷமில்லை. ஆனால் பூசணம் பிடித்த கடலையில் விஷம் உண்டாவதால் நல்ல பருப்பையே எடுக்க வேண்டும்.

பழக்கும் படிகள்

இளங்காளையை முதல் நாளே பார வண்டியில் பூட்டுவாரில்லை. முதலில் வெறும் நுகம், பிறகு இலேசான கட்டை, பிறகுதான் ஏர். தீனிப் பொம்மையும் அவ்வாறே. முதல் நாளே இறுக அடைத்துக் கொடுத்தால் குட்டி இரண்டு முறை முகர்ந்து, ஒன்றும் வராமையால் விட்டுப் போய்விடும்; "எங்கள் குட்டிக்கு இதில் இஷ்டமில்லை" என்று வீட்டாரும் பொம்மையை எறிந்துவிடுவர். எளியதிலிருந்து அரியதற்குப் போவதே இதன் இரகசியம்.

முதற் படி: குட்டி பசியோடிருக்கும் வேளையில் வெறும் பொம்மையைத் தரையில் வைத்து, அதைச் சுற்றிலும் சிறு தீனித் துண்டுகளைத் தூவ வேண்டும். அதன் வாயிலும் சிறிது தயிர் பூச வேண்டும். பொம்மை இருக்குமிடத்தில் நன்மை உண்டு என்று குட்டி அறிதல் போதும். பொம்மை உருள்வதைக் கண்டு அஞ்சும் குட்டிக்கு, அதனைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நக்க விடலாம். ஐந்து நிமிஷத்திற்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் படி: உருட்டினால் தானே விழும்படி உதிரித் தீனியைப் பாதியளவு போட வேண்டும். மூக்கால் தள்ளினால் தீனி விழுகிறதென்று குட்டி கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் படி: அடியில் உதிரித் தீனியும், வாயருகே குழைந்த சோறு சிறிதுமாக வைக்க வேண்டும். நக்கி வாயைத் திறந்தால் உள்ளிருப்பது விழும்.

நான்காம் படி: முழுவதும் குழைந்த ஆகாரத்தை இலேசாக அடைத்து, நடுவே ஒரு முட்டைத் துண்டையோ கறித் துண்டையோ செருக வேண்டும்.

ஐந்தாம் படி: அதையே சற்று இறுக அடைக்க வேண்டும்.

ஆறாம் படி: அடைத்த பொம்மையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிரச் செய்து கொடுப்பது, நன்கு தேர்ந்த குட்டிக்கு உறையவும் வைக்கலாம். கோடையில் இது உடலுக்கு இதம். பல் முளைக்கும் ஈற்றுக்கும் இதம்.

ஒரு படியில் குட்டி முழுவதையும் தின்று தீர்க்க இரண்டு மூன்று தினங்கள் ஆகலாம். இரண்டு முறை தொடர்ந்து முழுவதும் தீர்த்தபின் மேற்படிக்குப் போக வேண்டும். குரைத்தாலோ, முனகினாலோ, விட்டு விலகினாலோ, முந்திய படிக்கு இறங்க வேண்டும். அது தோல்வியன்று. பாரம் அதிகமென்று காளை நின்றுவிட்டால் மூட்டையை இறக்குகிறோம், அவ்வளவே.

தனித்திருக்கப் பழக்குதல்

தோட்டத்தில் காவலிருக்க வேண்டிய நாய் தனிமையைத் தாங்க வேண்டும். அதற்கும் இப்பொம்மை உதவும். குட்டியின் கொட்டிலிலோ நிழலிலோ பொம்மையைக் கொடுத்து, முதலில் அருகிலேயே அமர வேண்டும். மறுநாள் நாலடி விலகி நிற்க வேண்டும். பிறகு கண்ணுக்கு மறைந்து ஒரு நிமிஷம், அதன்பின் மூன்று, ஐந்து, பத்து நிமிஷம் என்று நீட்ட வேண்டும். குட்டி தின்று முடிக்குமுன் திரும்பி வருதல் முக்கியம். அழுது கூப்பிட்ட பிறகு வந்தால், அழுகையே அதற்குப் பாடமாகிவிடும்.

ஆனால் பொம்மை ஆளுக்கு ஈடாகாது. குட்டி மனிதரோடும் மாட்டோடும் வாகனச் சத்தத்தோடும் இணங்கிப் பழகும் பருவம் மூன்றாவது வாரத்திற்கும் ஏறக்குறைய பதினான்காவது வாரத்திற்கும் இடைப்பட்டது. இக்காலத்தைத் தூணில் கட்டிப் பொம்மையோடு கழிக்க விடுவது வித்தை கெட விடுவதாகும். புதிய பொம்மையை ஆள் பார்வையிலேயே கொடுக்க வேண்டும். பிய்ந்து துண்டு கழன்ற பொம்மையை உடனே எறிந்துவிட வேண்டும்.

பறிக்கலாகாது, மாற்றிக் கொள்ள வேண்டும்

இக்கட்டுரையில் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இதுவே. சுவையான பொருள் கிடைத்த நாய் அதனைக் காத்துக்கொள்ள முயல்வது இயற்கை. பொம்மையைக் கெட்டியாகப் பிடித்து, உடல் விறைத்து, அசையாமல் நின்று, கடைக்கண்ணால் பார்ப்பது முதல் அடையாளம். உறுமுவது அடுத்தது. அப்போது கையை நீட்டிப் பறிப்பவரும், உறுமியதற்காக அடிப்பவரும் பெருந்தீங்கை விதைக்கிறார்கள். உறுமல் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அதனை அடக்கினால், எச்சரிக்கை மாத்திரம் போகும், அச்சம் போகாது. அத்தகைய நாய் பிற்காலத்தில் உறுமாமலே கடிக்கும்.

ஆகவே முதல் நாள் தொட்டே இவ்வாறு பழக்க வேண்டும். குட்டி பொம்மையை நக்கிக் கொண்டிருக்கையில், சற்றுத் தூரத்தில் நடந்து சென்று, பொம்மையிலுள்ளதைவிடச் சிறந்த ஒரு கறித் துண்டை அதன் பக்கம் போட்டுவிட்டு நில்லாமல் போய்விட வேண்டும். சில தினங்களில் ஆள் வரக் கண்டதும் குட்டி வாலை ஆட்டி நிமிர்ந்து பார்க்கும். பிறகு நெருங்கி வந்து போடலாம். அதன்பின், "விடு" என்று ஒரே சொல்லைச் சொல்லி, ஒரு கையால் கறித் துண்டைக் காட்டி, குட்டி பொம்மையை விட்டதும் துண்டைக் கொடுத்து, பொம்மையை எடுத்துப் பார்த்து மறுபடியும் அதற்கே கொடுக்க வேண்டும். மனிதன் கை நெருங்கினால் இழப்பில்லை, இலாபமே என்று குட்டி கற்பதே இதன் பயன். எலி மருந்து உருண்டையைக் கவ்விய நாளில் "விடு" என்ற ஒரு சொல் அதன் உயிரைக் காக்கும்.

வெள்ளை நிற இராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே காது கேளாதவை. அத்தகைய குட்டி தின்னும்போது பின்னாலிருந்து தொடாமல், அதன் கண்ணுக்குத் தெரிய முன்னாலிருந்து வர வேண்டும். சொல்லுக்குப் பதிலாகக் கைச் சைகையைப் பழக்க வேண்டும்.

குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய விதி ஒன்றே: தின்னும் நாயின் அருகே போகக் கூடாது. மேலே கூறிய பழக்கங்களைச் செய்வது பெரியவர் வேலை, குழந்தைகளிடம் விடலாகாது. இரண்டு குட்டிகள் இருந்தால் தனித்தனி இடத்தில் தனித்தனிப் பொம்மை கொடுக்க வேண்டும்.

குட்டிக் கடியும் வெறிநோயும்

"பால் பல் குட்டிதானே, கீறல்தானே" என்று அலட்சியம் செய்வது நம் கிராமங்களில் உயிர்களைக் கொள்ளை கொடுக்கும் தவறு. சிறு குட்டிக்கும் வெறிநோய் வரும். சிறு கீறலிலும் அது தொற்றும். நோய்க் குறி தோன்றியபின் பிழைத்தவர் மிகமிக அரியர். 1885-ஆம் வருஷத்தில் பாஸ்டர் இதற்கு ஊசி கண்டார். 1907-ஆம் வருஷம் முதற்கொண்டு குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் இருந்து வருகிறது. இருந்தும் தாமதத்தால் உயிர் போகிறது. எந்தக் கடியாயினும் கீறலாயினும், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், எண்ணெய் ஒன்றும் தடவாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போய், சொல்லிய தேதிகளிலெல்லாம் ஊசி போட்டு முடிக்க வேண்டும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டு, கால்நடை வைத்தியர் குறிக்கும் நாட்களில் மறுபடியும் போட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் மற்றத் தடுப்பு ஊசிகளும், பூச்சி மருந்தும் தவறலாகாது. வயிற்றில் பூச்சி நிறைந்த குட்டிக்கு எப்பொம்மையிலும் மனம் செல்லாது.

கழுவுதல்

தின்று தீர்ந்ததும் பொம்மையை எடுத்து, வெந்நீரும் சோப்பும் கொண்டு உட்புறத்தைப் பிரஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைக்க வேண்டும். நம் சீதோஷ்ணத்தில் சோறு சில மணி நேரத்தில் கெட்டுவிடும். எறும்பும் ஈயும் மொய்க்கும். தீராது மிஞ்சிய தீனியை ஒரு மணி நேரத்திற்குமேல் விட்டு வைக்கலாகாது. இரண்டு பொம்மைகள் இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று உதவும். எப்போதும் தரையில் கிடக்கும் பொம்மையில் குட்டிக்கு ஆசை குறையும். வேளைக்கு எடுத்துக் கொடுத்து வேளைக்கு எடுத்து வைப்பதே நன்று.

கிராம அதிகாரிகளுக்கு

1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், அளவுக்கு மிஞ்சிக் குறுகிய அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் பிராணியைக் கட்டி வைப்பதும், வழக்கமாகக் கட்டி வைக்கும் நாயை உலாவ விடாமலிருப்பதும் குற்றமெனக் கூறப்பட்டிருக்கிறது. இதனைக் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் அறிந்திருத்தல் அவசியம். தண்டனையைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, ஊசி முகாம் நடைபெறும் நாளில் குட்டி வைத்திருப்போரை ஒருங்கே அழைத்து, ஒரு பொம்மையையும் ஒரு பணியாரக் கல்லையும் வைத்து மேலே கூறிய முதல் மூன்று படிகளைக் கண்ணெதிரில் செய்து காட்டுவது அதிகப் பயன் தரும். கேட்டதைவிடக் கண்டது மனத்தில் நிற்கும்.

சுருக்கம்

குட்டியின் வாய்க்கு வேலை கொடுக்க வேண்டும். பொம்மை பெரியதாயும், நகம் பதிவதாயும், இரு துவாரமுள்ளதாயும் இருக்க வேண்டும். அன்றாட ஆகாரத்தையே அடைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, புளி, திராட்சை, சாக்கலேட்டு, எலும்பு விலக்க வேண்டும். எளியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். பறிக்காமல் மாற்றிக் கொள்ள வேண்டும். குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும். கடி எதுவாயினும் கழுவி, ஊசி போட வேண்டும். இவற்றைக் கைக்கொண்டு வளர்த்த நாய், இரவில் அந்நியனுக்கு அஞ்சாததாயும், பகலில் வீட்டுக் குழந்தைக்கு அஞ்ச வேண்டாததாயும் இருக்கும். காவல் நாயிடம் குடியானவன் வேண்டுவது இவ்விரண்டுமேயாம்.